சாயா குடிச்சிட்டு மறுபடி பாரு

செத்துப்போன மனுஷனோடு சண்டை போடுவதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. உயிரோடு இருப்பவர் என்றால் என்றைக்காவது அலுத்துப்போய், "சரி, போய்த் தொலை" என்று விட்டுவிடுவார். டென்னிசன் அண்ணன் அலுக்கவே மாட்டார். நான் மென்பொருளுக்கு ஒரு திருத்தம் எழுதி, பேட்ச் என்போம், அனுப்பி, கையை எடுப்பதற்குள் பதில் வந்து நிற்கும்.

"நல்லா இருக்கு, செண்பகம். ஆனா பத்துப் பேருகிட்ட, காது டாக்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சோதிச்சுப் பாத்தியா? இல்லேன்னா சேர்க்க முடியாது. சாயா குடிச்சிட்டு மறுபடி பாரு. – டென்."

சாயா குடித்துக் குடித்தே என் வயிறு புண்ணாகிப்போனது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குக் காது கேட்காது. காலேஜில் படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போனது. அப்புறம் ஆபரேஷன் செய்து இரண்டு உள்காதுக்குள்ளும் ஒவ்வொரு கம்பியை வைத்தார்கள். ஒவ்வொரு காதுக்கும் வெளியே ஒரு மெஷின். வெளி மெஷின் சத்தத்தை வாங்கி உள்ளே மின்சாரமாக அனுப்பும். கம்பி அதை நரம்புக்குக் கொடுக்கும். அந்தப் புண்ணியத்தில்தான் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அந்தப் புண்ணியத்தில்தான் பிரசவ அறையில் என் மகள் நாச்சியார் அழுத முதல் அழுகையைக் கேட்டேன்.

மெஷின் செய்த கம்பெனி ஒரு நாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. தலைக்குள் கம்பியோடு நாங்கள் பல ஆயிரம் பேர் நடுத்தெருவில் நின்றோம். அப்போது நாகர்கோவிலில் ஒருத்தர், டென்னிசன் என்று பெயர், அந்த மெஷினுக்குள் ஓடும் மென்பொருளைக் கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். 'செவிவழி' என்று பெயர் வைத்தார். சம்பளம் கிடையாது. நேரம் இருப்பவர்கள் வந்து எழுதினார்கள். நானும் போனேன்.

ஒரு சட்டம் மட்டும் அவர் கறாராக வைத்திருந்தார். மற்றவர்களின் தலைக்குள் ஓடப்போகிற விஷயம், ஒருத்தர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. இரண்டு பொறுப்பாளர்கள், ஆளுக்கொன்றாகக் கம்ப்யூட்டரில் ஒப்புதல் போடும் இரண்டு ரகசியச் சாவி. இரண்டு சாவியும் ஒப்புதல் கொடுத்தால்தான் மெஷின் புது மென்பொருளை உள்ளே விடும். என் சொந்த மெஷினில் நானே எழுதியதை ஏற்ற வேண்டுமென்றாலும் இதே கதைதான்.

வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போனார்கள். இலவச வேலை என்றால் அப்படித்தான். பயோடேட்டாவில் போட்டுக்கொள்ள ஒரு பேட்ச் அனுப்புவார்கள், வேலை கிடைத்ததும் ஆளைக் காணோம். கடைசியில் மிஞ்சியது நானும் டென்னிசன் அண்ணனும்தான். அவருக்கும் ஈரல் கெட்டுப்போனது. படுக்கையில் கிடந்தபடியே ஒரு வேலை செய்தார். இத்தனை வருஷமாக அவர் பேட்ச்களுக்கு எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் கொடுத்து, தனக்கு ஒரு பதிலியைத் தயாரித்தார். அவரைப் போலவே படிக்கும், அவரைப் போலவே யோசிக்கும், அவரைப் போலவே மாட்டேன் என்று சொல்லும் ஒரு நிரல். அதன் கையில் தன் சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

நல்ல ஏற்பாடு என்று அப்போது நானும்தான் கைதட்டினேன்.

இப்போது என் காது மறுபடி போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே வைத்த கம்பியைச் சுற்றி வருஷக்கணக்கில் சதை வளர்ந்துவிட்டது. நரம்புக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் நடுவிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு மட்டுமல்ல, பழைய மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதே கதிதான். கம்பியைப் பிடுங்கிப் புதிது வைக்கலாமா என்று கேட்டேன். பிடுங்கினால் இருக்கிற நரம்பும் கூடவே வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வழி ஒன்றே ஒன்றுதான். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மென்பொருளில் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அதைச் சற்று உயர்த்தினால் போதும். என் பேட்ச் அதைத்தான் செய்கிறது. டென்னிசன் அண்ணன் வேண்டாம் என்பதும் அதைத்தான்.

பத்துப் பேரைப் பிடிப்பது கஷ்டமில்லை. நூறு பேர் வருவார்கள். டாக்டர்தான் கிடைக்கவில்லை. மதுரைவரை அலைந்தேன். ஒருத்தர் தன்மையாகவே சொன்னார். "கம்பெனியே இல்லாத மெஷினுக்கு நான் எப்படிம்மா பொறுப்பேற்க முடியும்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே பிடிப்பாங்க." அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் குக்கர் விசில். பிறகு, பேச்சில் பாதி எழுத்துகள். காது கேட்காதவர்களுக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. என்ன சொன்னீங்க என்று இரண்டாவது தடவை கேட்டால், எதிரில் இருப்பவர் சலித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார். கன்னத்தில் அறைந்தாலும் தேவலை என்றிருக்கும். என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். நாச்சியார் மட்டும் சொன்னதில்லை. மூன்றாவது தடவை கேட்டாலும், என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து சொல்வாள்.

பதிலியை நீக்கிவிட்டு வேறு ஆளை உட்கார வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் புது ஆளுக்கு நூறு பேட்ச்களாவது சேர்ந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். அந்தத் தகுதி ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அண்ணன் போன பிறகு 'பிச்சிப்பூ' என்ற பெயரில் வர ஆரம்பித்த ஒரு தொல்லை. நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. மெஷினுக்கான தமிழ்க் கையேட்டில் இங்கே ஒரு காற்புள்ளி, அங்கே ஒரு எழுத்துப்பிழை என்று தினம் ஒன்று அனுப்பும். பதிலி டென்னிசன் அண்ணனைப் போலவே பொறுமையாகப் பதில் எழுதிச் சேர்த்துக்கொள்ளும். இது வேலையற்ற வேலை என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். இப்போது வேறு வழியில்லாமல் அந்தப் பிச்சிப்பூவுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். பதிலே இல்லை.

கடைசியில் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். டென்னிசன் அண்ணன் தன் சாவியை வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால், அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

வெட்டூர்ணிமடத்தில் வீடு. லீலா பாய் அக்கா கதவைத் திறந்தார். ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் யாரென்று சொன்னதும், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதைப் போல அந்த ஊர் வழக்கப்படி 'மக்களே' என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வா மக்களே. இந்த வெயில்ல வந்திருக்கியே. இரி, வெள்ளம் எடுத்துட்டு வாறேன்."

"அக்கா, என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. வாயைப் பாத்தாத்தான் எனக்குப் பாதியாவது புரியும்."

அவர் நின்று, என்னை நேராகப் பார்த்து, மறுபடியும் அதையே நிதானமாகச் சொன்னார். சாவியைப் பற்றிக் கேட்டேன். பிரதி எதுவும் கிடையாது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் என்று சாப்பாட்டு மேஜையைக் காட்டினார். மேஜையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், அவருடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதிலி அதற்குள் இருந்தது. வெளி ஆளின் இயந்திரத்தில் தன்னை வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது திரையைப் பார்த்தேன். கையேட்டின் ஒரு பக்கம் திறந்திருந்தது. பாதி அடித்த ஒரு திருத்தம். மேலே பெயர், பிச்சிப்பூ.

"நீங்களாக்கா?"

அவர் தம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ போட்ட கடிதாசு எல்லாம் படிச்சேன். என்னன்னு பதில் எழுத? நான் டென்னிசன் பெஞ்சாதின்னு எழுதினா, அவரும் படிச்சிருவாருல்லா. அங்க வாறது எல்லாத்தையும் அவரு படிப்பாரு."

"அது அவர் இல்லைக்கா. பதிலி."

"தெரியும். நான் ஒண்ணும் கிறுக்கு இல்ல." லேசாகச் சிரித்தார். "என்னை யாருன்னே அதுக்குத் தெரியாது. யாரோ ஒரு புது ஆளுன்னு நெனச்சு, 'வாங்க, போங்க'ன்னு பேசும். 'நல்லாப் பாத்திருக்கீங்க, பிச்சிப்பூ'ன்னு எழுதும். இவரு உயிரோட இருந்தப்ப எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல, கேட்டியா. எப்பவும் இந்தத் திரையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. நானும் திரைக்கு உள்ள போய்ப் பாத்தேன். அங்க எல்லாருக்கும் எவ்வளவு பொறுமையாப் பதில் சொல்லியிருக்காரு! கையேட்டுல பிழை தீர்ந்திரக் கூடாதுன்னு, சில நேரம் நானே ஒண்ணைப் போட்டு, மறுநாள் நானே திருத்துவேன்."

இவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். ஆனால் கேட்காமல் திரும்பிப் போகவும் மனசில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, சதை, மின்சாரம், நூறு பேட்ச் சட்டம். அவர் பொறுப்பாளர் ஆனால், பதிலி முழுதாக அழிக்கப்படும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணனே எழுதி வைத்த விதி அது. செத்தவன் பின்னால் நின்று எட்டிப் பார்க்கக் கூடாதாம்.

"பிறகு எடுக்கவே முடியாதா?"

"முடியாதுக்கா."

அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் வரவில்லை. நான் அழுதேன். கேட்டது அநியாயம் என்று தெரியும். தெரிந்தும் வேண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சாயா எடுத்து வந்து வைத்தார்.

"உம் பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"எட்டு."

"பேசிக்கிட்டே இருக்குமோ?"

"வாயை மூடாது."

"எழுது," என்றார்.

நான் கோரிக்கையை எழுதினேன். டென்னிசன் பதிலியை நீக்குவது, அந்த இடத்தில் பிச்சிப்பூவை அமர்த்துவது. இதற்கும் இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னுடையது. இன்னொன்றை, தன்னையே அழிப்பதற்கு, அந்தப் பதிலிதான் தர வேண்டும். தராது என்றுதான் எனக்கு உள்ளுக்குள் பயம். வழக்கம்போலச் சட்டென்று பதில் வந்தது.

"இது இருக்கிறதைக் கழிக்கிற பேட்ச். எனக்கு எப்பவும் பிடிச்ச வகை. பிச்சிப்பூ அனுப்பினதெல்லாம் சின்னச் சின்னது. ஆனா இத்தனை நாள்ல ஒண்ணையும் உடைச்சதில்ல. நான் உடைச்சிருக்கேன், செண்பகம் உடைச்சிருக்கா. அதனால சம்மதம். பிச்சிப்பூ, கவனமா இருங்க. சாயா குடிச்சிட்டு ஆரம்பிங்க. – டென்."

"பாரு, போற போக்குலயும் 'இருங்க'ன்னுட்டுப் போறாரு," என்றார் லீலா அக்கா. "எனக்கு எப்பவும் 'ஏ லீலா'தான்."

பிறகு அந்த மேஜையில் இருந்தது வெறும் கம்ப்யூட்டர். நான் என் பேட்ச்சை அனுப்பினேன். அவர் எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.

"படிச்சிட்டு அழுத்துறேன் மக்களே. ரெண்டு நாள் தா. படிக்காம ஒண்ணும் சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா."

சட்டம் இருந்தது. நான் சந்தோஷமாக பஸ் ஏறினேன். நாச்சியாரை மடியில் உட்கார வைத்து, இனிமேல் நீ கத்த வேண்டியதில்லை என்று சொன்னேன்.

இரண்டாவது நாள் மத்தியானம், ஒரு மிட்டாய்க் கம்பெனியின் பில்லைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பதில் வந்தது.

"நல்லா இருக்கு, செண்பகம். ஆனா பத்துப் பேருகிட்ட, காது டாக்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சோதிச்சுப் பாத்தியா?"

பதிலி சாகவில்லை, எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே பார்த்தேன். பிச்சிப்பூ என்று இருந்தது.

வீடியோவில் கூப்பிட்டேன். அவர் முகம் வந்தது. அழுதிருந்தார்.

"என்னக்கா இது? சரின்னுதானே சொன்னீங்க?"

"சரின்னுதான் நெனச்சேன் மக்களே. அழுத்தப் போகையில கை வரல. தக்கலையில ஒரு தையல்காரர் இருந்தாரு, உனக்குத் தெரியுமா?"

தெரியும். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. மின்சாரத்தைக் கூட்டிய ஒரு பேட்ச்சை அண்ணன் நம்பிச் சேர்த்திருக்கிறார். பைக்கில் போய்க்கொண்டிருந்த அந்தத் தையல்காரர், முகம் ஒரு பக்கமாக இழுத்து, தலைசுற்றி, லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். விதிமுறைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பத்துப் பேர், டாக்டர் என்ற நிபந்தனை அதிலிருந்து வந்ததுதான்.

"நீ அதைப் படிச்சிருப்பே. நான் பாத்தேன். அவரு பெஞ்சாதி, நீ இருந்த அதே நாற்காலியில வந்து இருந்தா. ஒரு வார்த்தை திட்டல. 'எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சார் சொன்னாங்க'ன்னு மட்டும் கேட்டா. அதுக்குப் பெறகு இவரு ஒரு நாளும் ஒழுங்காச் சோறு தின்னல. எனக்கு அது ஓர்மை வந்திட்டு. உன் பேட்ச்ல பிழை இருக்குன்னு நான் சொல்லல. எனக்கு அதைப் பாக்கத் தெரியாது. தெரியாத ஒண்ணுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

"நீங்க பொறுப்பேத்ததே இதுக்காகத்தானேக்கா!"

"ஆமா. பெட்டி மாட்டேன்னு சொன்னப்ப, அது பெட்டி சொல்லுதுன்னு இருந்தேன். இப்ப அழுத்துறது என் கையில்லா."

நான் கத்தினேன். என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியாது. "அவரையும் கொன்னுட்டீங்க, என் காதையும் கொன்னுட்டீங்க" என்றேன்.

"ஆமா மக்களே," என்றார் அவர்.

அவர் சொல்வது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சொல்ல முடியவில்லை. என் பேட்ச் யாரையும் கொல்லாது என்று நான் நம்புகிறேன். தக்கலைக்காரரின் மெஷினில் ஓடிய பேட்ச்சை எழுதியவனும் அப்படித்தான் நம்பியிருப்பான். பெட்டியாக இருந்தவரை அதை இஷ்டத்துக்குத் திட்டினேன். இப்போது திட்டக்கூட ஆள் இல்லை. லீலா அக்காவை நீக்கலாமென்றால், அதற்கும் அவர் சாவி வேண்டும். அவர் இடத்துக்கு வர நூறு பேட்ச் சேர்ந்த ஆள் வேண்டும். அப்படி யாரும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் இடது காது சுத்தமாகப் போனது. வலது காதில், யாரோ தூரத்தில் தகர டப்பாவைத் தட்டுவதைப் போல ஒரு சத்தம் மட்டும் மிச்சம். மற்ற ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒலி குறைகிறது, ஏதாவது செய்யுங்கள், செய்யுங்கள் என்று. எல்லாம் பொறுப்பாளர்கள் இருவருக்கும்தான் வரும். நான் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். லீலா அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் இல்லையா, பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

நேற்று அவரிடமிருந்து ஒரு பேட்ச் வந்தது. பதிலி போன பிறகு அவர் அனுப்பும் முதல் பேட்ச். கையேட்டில்தான். கடைசிப் பக்கத்தில் டென்னிசன் அண்ணன் அந்தக் காலத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். "ஒலி குறைந்துகொண்டே வந்தால் எங்களுக்கு எழுதுங்கள், சரிசெய்து தருகிறோம்." அந்த வரியை எடுத்துவிட்டு, அவர் இப்படி எழுதியிருந்தார். "ஒலி குறைந்துகொண்டே வந்தால், இப்போதைக்கு எங்களிடம் வழி இல்லை. காது நன்றாகக் கேட்கும்போதே வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்."

அதன் கீழே எனக்கு ஒரு குறிப்பு. "பொய்யா ஒரு வரி இருக்க வேண்டாம்னு பாத்தேன் மக்களே. நீ சரின்னா சேத்துக்கோ."

படித்தேன். நல்லா இருக்கு, ஆனா என்று எழுத ஆரம்பித்தேன். ஆனாவுக்குப் பிறகு எழுத என்னிடம் எதுவும் இல்லை. பிழை இல்லை, ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. என் சாவியைக் கொடுத்தேன். சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்த முதல் பேட்ச் அதுதான்.

அந்த நேரத்துக்கு நாச்சியார் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து ஷூவை அவிழ்த்தபடி என்னவோ சொன்னாள். தோள் குலுங்குவதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொல்கிறாள் என்று தெரிந்தது.

"என்னட்டி? மறுபடி சொல்லு."

சொன்னாள். அப்போதும் முகம் ஷூவின் பக்கம்தான் இருந்தது.

"அம்மாவைப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்தாள். இப்போது வாய் நன்றாகத் தெரிந்தது. ஒரு எழுத்து பாக்கியில்லாமல் படிக்க முடிந்தது.

"ஒண்ணுமில்லம்மா, விடு," என்றாள்.